24 பல்லா, 58 பல்லா?

1967-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோவின் பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது காலி இடம். இன்றைய கார்களில் விரல் நுழையவே வழியில்லாத இடங்களில் அதில் முழங்கை வரை உள்ளே போகும். முப்பது ஆண்டு கழித்துப் பிறந்த ஓர் இன்ஜினை இதற்குள் இறக்குவதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். இறக்குவதில் கஷ்டமே இல்லை. செயின் பிளாக்கில் கட்டித் தொங்கவிட்டு ஒரே மதியத்தில் உட்கார வைத்துவிடலாம். அதை ஓட வைப்பதுதான் மாதக் கணக்கில் இழுக்கும். சில கார்கள் அதற்குள் கொட்டகையிலேயே தூசி படிந்துபோகும்.

அமெரிக்காவில் பழைய கார்களுக்குப் புது இன்ஜின் வைப்பவர்கள் அதிகம் நாடுவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வரிசை வி-8 இன்ஜின்களை. இந்த அத்தியாயம் அந்த ஒரு வரிசையையும் அந்த ஒரு காரையும் சுற்றியே நகரும். பொதுவாக எல்லா இன்ஜின்களையும் பற்றிப் பேசினால் ஒன்றைப் பற்றியும் பேசியதாகாது.

ஷெவர்லேயின் புகழ்பெற்ற 'ஸ்மால் பிளாக்' வி-8 இன்ஜின் 1955-இல் வந்தது. கமாரோ முதலில் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்த 327, 350 கன அங்குல இன்ஜின்கள் அதே பரம்பரை. 1997 கார்வெட்டில் எல்.எஸ்.1 வந்தபோது அந்தப் பரம்பரையை ஓரம்கட்டி, வெள்ளைத் தாளிலிருந்து புதிதாக வரைந்தார்கள். ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கைவிடவில்லை. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 1955-இல் இருந்த அதே 4.40 அங்குலம், கியர்பாக்ஸ் வந்து சேரும் பின்பக்கத்தில் போல்ட் துளைகளின் அமைப்பு, ஒரு துளை தவிர, அதே பழையது. முதல் ஒற்றுமையால் வண்டி மாற்றுபவருக்கு லாபம் ஏதுமில்லை. இரண்டாவது பெரிய லாபம். அதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்த இன்ஜின் இவ்வளவு பிரபலமானதற்கு இன்னொரு காரணம் அதன் பழைமை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் இதில் சிலிண்டர் தலைக்கு மேலே இல்லை. நடுவில், கிராங்க் ஷாஃப்டுக்குச் சற்று மேலே, ஒன்றே ஒன்று. அங்கிருந்து நீண்ட கம்பிகள் மேலே போய் வால்வுகளைத் தள்ளுகின்றன. பொறியியல் மாணவர்கள் இதைப் பழங்கால முறை என்பார்கள். ஆனால் ஃபோர்டின் நவீன 5 லிட்டர் 'கொயோட்டி' இன்ஜினில் தலைக்கு இரண்டாக நான்கு கேம் ஷாஃப்டுகள் இருக்கின்றன. அவற்றையும் சங்கிலிகளையும் சுமக்கும் தலைகள் இருபுறமும் அகன்று நிற்பதால், அறுபதுகளின் மஸ்டாங்கில் அதை வைக்க முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கோபுரங்களையே அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. கொள்ளளவில் அதைவிடப் பெரிய எல்.எஸ்.1, 5,665 கன செ.மீ., அகலத்தில் சிறியது. 'பழைய' வடிவம்தான் பழைய காருக்குள் நுழைகிறது.

எல்.எஸ். என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. கார்வெட்டுக்கும் 1998–2002 கமாரோவுக்கும் வந்த எல்.எஸ்.1 அலுமினிய பிளாக். 1999 முதல் சில்வராடோ போன்ற பிக்-அப் வண்டிகளில் வந்த எல்.எம்.7 வார்ப்பிரும்பு, பிஸ்டன் ஓடும் தூரம் அதே 92 மி.மீ., சிலிண்டர் விட்டம் 99-க்குப் பதில் 96, கொள்ளளவு 5.3 லிட்டர். இரும்பு பிளாக் சுமார் 40 கிலோ கூடுதல் எடை. அந்த எடையைப் பொறுத்துக்கொண்டால் விலை பல மடங்கு இறங்கும், ஏனென்றால் அந்த வண்டிகள் லட்சக் கணக்கில் ஓடி, லட்சக் கணக்கில் உடைப்புக்கு வந்திருக்கின்றன. பந்தயத்துக்குப் போகாத ஒருவர் அலுமினியத்துக்காகக் காசைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பொருட்களைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே தொடங்குவது என்பதுதான் முக்கியம். பலர் கேட்லாக்கில் பளபளப்பானதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது காரில் எதை நகர்த்தவே முடியாதோ அதிலிருந்து. முதல் தலைமுறை கமாரோவில் அப்படி நகராமல் நிற்பவை இன்ஜினுக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பர், அதற்குப் பின்னால் இடமும் வலமும் ஆடும் ஸ்டியரிங் கம்பி, பின்னால் கியர்பாக்ஸைக் கவிந்திருக்கும் தரைக் குடைவு. மேலே பானெட் உயரம்.

பிக்-அப் வண்டியின் இன்ஜினில் வரும் ஆயில் சம்ப் ஆழமானது. உயரமான அந்த வண்டிக்கு அது தொல்லையில்லை. கமாரோவில் வைத்தால் கிராஸ் மெம்பரில் இடிக்கும். இடிக்காமல் இன்ஜினைத் தூக்கி வைத்தால் பானெட் மூடாது. எப்படியோ சமாளித்தாலும் முதல் வேகத்தடையில் சம்ப் கிழியும். எனவே பழைய கார்களுக்கென்றே வடித்த ஆழம் குறைந்த சம்ப் வாங்குகிறார்கள். சம்ப் மாறினால் அதற்குள் இருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயும் மாற வேண்டும், ஏனென்றால் குழாயின் வாய் சம்பின் அடித்தளத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலேதான் நிற்க வேண்டும். அந்தக் குழாய் ஆயில் பம்பில் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெல்லியது. தடிமன் மாறிய வளையத்தைப் போட்டாலோ, மாட்டும்போது அது ஓரத்தில் நசுங்கினாலோ, பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பேரிங்குகளைத் தாங்குவது அந்த நசுங்காத படலம்தான். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்குவதைப் பார்த்து பம்ப் போய்விட்டது, பேரிங் போய்விட்டது என்று முழு இன்ஜினையும் பிரித்துப்போட்டவர்கள் உண்டு. காரணம் சில ரூபாய் பெறாத அந்த வளையம்.

இன்ஜின் மவுண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழையதும் புதியதும் வேறு; நடுவில் வைக்கத் தகடு விற்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தகட்டின் அளவுதான் இன்ஜின் எத்தனை முன்னே, எத்தனை பின்னே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதிலிருந்து சம்ப், சைலன்சர் குழாய், கியர்பாக்ஸ் தாங்கி, புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் எல்லாம் பின்தொடரும். மவுண்ட் ஒரு கம்பெனி, சம்ப் இன்னொன்று, எக்ஸாஸ்ட் குழாய் வேறொன்று என்று வாங்கினால் மூன்றும் தனித்தனியே சரியாக இருக்கும், சேர்ந்து இருக்காது.

இனி கண்ணிக்கு வருவோம். போல்ட் துளைகள் ஒத்துப்போவதால் அறுபதுகளின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியை எல்.எஸ். பின்னால் வைத்து முறுக்கிவிடலாம், கச்சிதமாக உட்காரும். ஆனால் எல்.எஸ். கிராங்க் ஷாஃப்டின் பின் முகம் பழைய இன்ஜினைவிட 0.4 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ., உள்ளே தள்ளி நிற்கிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியின் முன்னால் டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் நிறைந்த பெரிய உருண்டை இருக்கும். அதன் பின் முனையில் உள்ள குழல், பெட்டியின் எண்ணெய்ப் பம்புக்குள் செருகி அதைச் சுழற்றுகிறது. அதன் முன் மூக்கு கிராங்கின் நடுக்குழியில் அமர்ந்து மையம் பிடிக்கிறது. இன்ஜினையும் பெட்டியையும் முறுக்கிய பிறகு கன்வெர்ட்டரைக் கையால் பின்னே தள்ளிப் பார்த்தால், அதற்கும் கிராங்கில் பூட்டிய ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தகட்டுக்கும் இடையே மூன்று முதல் ஐந்து மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவு முன்னே இழுத்து போல்ட் போட்டால் இரண்டு முனையும் தத்தம் இடத்தில் இருக்கும். நடுவில் 10 மி.மீ. கூடிவிட்டால் என்ன ஆகும்? போல்ட் போட்டு இழுத்துவிடலாம், உலோகம் முனகாமல் வந்து சேரும். ஆனால் பின் குழல் பம்பின் பற்களை விளிம்பில் மட்டும் கவ்விக்கொண்டிருக்கும். முன் மூக்கு அந்தரத்தில் சுழலும். நிமிடத்துக்கு ஆயிரக் கணக்கில் சுற்றும் ஒரு பாரம் மையம் பிடிக்க ஆளின்றிச் சுற்றினால் முதலில் ஆயில் சீல், பிறகு பம்ப், பிறகு பெட்டி என்று வரிசையாகப் போகும். இதற்கென்றே ஒரு தடித்த வளையமும் நீண்ட போல்ட்டுகளும் கிடைக்கின்றன. எதிர்த் தவறும் நடக்கும். 1999, 2000 ஆண்டுகளின் சில 6 லிட்டர் இரும்பு இன்ஜின்களில் கிராங்க் பழைய நீளத்திலேயே வந்தது. அதில் வளையத்தைப் போட்டால் கன்வெர்ட்டர் பம்பை நசுக்கிவிடும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வதை நம்பாமல் ஸ்கேலை எடுத்து அளக்க வேண்டும். இடைவெளியை அளக்க ஐந்து நிமிடம் போதும்.

முன்பக்கம் இவ்வளவு ஆபத்தில்லை. பெல்ட் ஓடும் கப்பிகள் மூன்று ஆழங்களில் வந்தன: கார்வெட்டில் பிளாக்கை ஒட்டி, கமாரோவில் சுமார் முக்கால் அங்குலம் முன்னே, பிக்-அப்பில் சுமார் ஒன்றரை அங்குலம் முன்னே. கிராங்க் கப்பி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் தாங்கி மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையாக இருந்தால் பெல்ட் நேராக ஓடும். கலந்தால் கழன்று பறக்கும். அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் பின்பகுதியில், பிளாக்குக்குள்ளே, பல் வெட்டிய ஓர் இரும்புச் சக்கரம் இறுக்கி அடிக்கப்பட்டிருக்கும். அது எதையும் சுழற்றுவதில்லை. எந்தப் பாரமும் அதன்மேல் இல்லை. பக்கத்தில் ஒரு காந்த உணரி. பல் கடக்கும்போதெல்லாம் உணரியில் ஒரு மின் துடிப்பு பிறக்கும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் இன்ஜின் கணினி கிராங்க் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பழைய கமாரோவில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சுழலும் மூடிக்குள் பிளாட்டினம் பாயிண்ட் திறந்து மூடிச் செய்த வேலை இது.

எல்.எஸ். வரிசையின் முதல் காலத்தில், மூன்றாம் தலைமுறை என்று அழைக்கப்படுவதில், இந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 24 துடிப்பு தரும். பல்லுக்குப் பல் அகலம் மாறும். அகலம், குறுகல் என்று அடுத்தடுத்து வரும் வரிசையைப் படித்துக் கணினி தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். நான்காம் தலைமுறையில் பெரும்பாலும் 58 பல். முழுச் சுற்றையும் ஆறாறு பாகையாக 60 ஆகப் பிரித்து, இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். துடிப்புகள் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருக்கும்போது திடீரென ஓர் இடைவெளி வரும். அதுதான் தொடக்கப் புள்ளி. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே நொடியின் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்னஞ்சிறு கால அளவுகளை வைத்துத்தான் எந்த சிலிண்டரில் எப்போது தீப்பொறி, எப்போது பெட்ரோல் என்பது முடிவாகிறது.

24 பல்லைப் படிக்கப் பழகிய கணினியை 58 பல் இன்ஜினோடு இணைத்தால் செல்ஃப் அடிக்கும், இன்ஜின் சுற்றும், பெட்ரோல் வாசனைகூட வராது. கணினியைப் பொறுத்தவரை புரியாத பாஷையில் ஏதோ இரைச்சல். பிளக்கில் குறையில்லை, காயிலில் குறையில்லை, பம்பில் குறையில்லை. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாலும் அசையாது. கணினியும் வேண்டாம், உணரியும் வேண்டாம், மேலே ஒரு கார்புரேட்டரை வைத்து ஓட்டிவிடுகிறேன் என்று கிளம்புபவரும் இதிலிருந்து தப்ப முடியாது. எல்.எஸ்.-இல் டிஸ்ட்ரிபியூட்டர் வைக்க இடமே விடவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில். அவற்றைச் சுடவைக்கத் தனிப் பெட்டி வாங்க வேண்டும், அந்தப் பெட்டிக்கும் முதல் கேள்வி அதுவேதான்: எத்தனை பல்?

இன்ஜினைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்குப் பின்னால் குனிந்து கிராங்க் உணரியைப் பாருங்கள். பொதுவாக 24 பல்லுக்குக் கறுப்பு, 58 பல்லுக்கு வெளிர் சாம்பல். கேம் ஷாஃப்டைக் கண்காணிக்கும் உணரி பிளாக்கின் பின்மேட்டில் இருந்தால் மூன்றாம் தலைமுறை. முன் மூடிக்கு நகர்ந்திருந்தால் நான்காவது. உடைப்புக் கடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இன்ஜின்கள் அடுக்கியிருக்கும் இடத்தில், கிழிந்த துணியும் டார்ச்சும் இருந்தால் ஒரு நிமிட வேலை. வண்டியோடு இருக்கும்போதே வாங்கினால் இன்னும் எளிது: வண்டி அடையாள எண்ணின் எட்டாவது எழுத்து இன்ஜின் வகையைச் சொல்லும். எல்.எம்.7 என்றால் அது 'டி'.

பெட்ரோலுக்கு வருவோம். அதே 58 என்ற எண் இங்கேயும் வந்து குழப்பும். பல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எல்.எஸ். இன்ஜெக்டர்களுக்கு வேண்டிய அழுத்தம் 58 பி.எஸ்.ஐ., அதாவது 4 பார். பழைய கமாரோவில் இன்ஜின் பக்கவாட்டில் தொங்கிய பம்ப் கார்புரேட்டரின் கிண்ணத்தை நிரப்ப ஐந்தாறு பி.எஸ்.ஐ. கொடுத்தது, அதற்கு அதுவே போதும். இப்போது வேண்டியது கிட்டத்தட்ட பத்து மடங்கு. பழைய ரப்பர் குழாய், பழைய கிளிப் எல்லாம் தூக்கிப் போட வேண்டியவை. கசிந்தால் சொட்டாது, பீய்ச்சும்; அடியில் சூடான எக்ஸாஸ்ட்.

பம்ப் இருக்க வேண்டிய இடம் டாங்குக்குள். திரவத்தைத் தள்ளுவது எளிது, உறிஞ்சுவது கடினம்: உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சாதாரண வெயில் சூட்டிலேயே ஆவியாகிக் குமிழி விடும். மூழ்கியிருக்கும் பம்புக்கு இந்தத் தொல்லை குறைவு. சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிரவும் வைக்கும். ஆனால் 1967 டாங்க் வெறும் தகரப் பெட்டி. வளைவில் வண்டி சாயும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஓடிவிட, பம்ப் காற்றை விழுங்கும். கார்புரேட்டர் காலத்தில் கிண்ணத்தில் இருந்த சேமிப்பு அந்த நொடியைக் கடத்திவிடும். இன்ஜெக்ஷனில் சேமிப்பே கிடையாது. அதனால்தான் உள்ளே தடுப்புகள் வைத்த டாங்கை வாங்கச் சொல்கிறார்கள். வீண் செலவு போலத் தெரியும், இல்லை.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்த, 1999-க்குப் பிந்தைய கார்வெட்டில் வந்த ஃபில்டரையே பலர் பயன்படுத்துகிறார்கள். ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஒரே உருளைக்குள். மிச்சப் பெட்ரோலை டாங்குக்குத் திருப்பும் குழாயும் அதிலேயே. மலிவு, சரியான 58-க்குப் பூட்டியது. இதற்குப் பதில் வேறு இன்ஜினுக்கான 43 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரைப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். துளை வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 43-ஐ 58-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.86. அதாவது கணினி கேட்டதைவிட 14 சதவீதம் குறைவாகப் பெட்ரோல். சாதாரணமாக ஓட்டும்போது எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் உணரி இதைக் கண்டுபிடித்துச் சொல்லும், கணினி இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்து ஈடுகட்டும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் கணினி அந்த உணரியைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் அட்டவணையை நம்பி ஓடும். அப்போது 14 சதவீதமும் அப்படியே குறையும். பாரம் அதிகமான அந்த நேரத்தில் கலவை மெலிந்தால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறி, கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் தின்னும். மாதக் கணக்கில் நன்றாக ஓடிய வண்டி ஒரே ஓட்டத்தில் போனது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு விடை.

ரேடியேட்டரில் சிறிய விஷயம் ஒன்று. எல்.எஸ். தலைகளின் உச்சியிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு குழாய் வெளியே வரும். சூடான உலோகத்தைத் தொடும் தண்ணீரில் எழும் ஆவிக் குமிழிகள் மேலே சேரும் இடம் அது. ஆவி உலோகத்தின் சூட்டைத் தண்ணீர்போல உறிஞ்சாது, எனவே குமிழி நிற்கும் இடம் தனியே கொதிக்கும். அந்தக் குழாயை ரேடியேட்டரின் மேற்பகுதியில் சேர்க்க வேண்டும். பழைய ரேடியேட்டரில் அதற்குத் துளை இல்லை என்பதால் பலர் அடைத்துவிடுகிறார்கள். வெப்பமானி அப்போதும் சரியான அளவையே காட்டும், ஏனென்றால் அது இருப்பது வேறு இடத்தில்.

கியர்பாக்ஸைப் பற்றி முன்பே ஓரளவு சொல்லியாகிவிட்டது. பழைய மூன்று கியர் பெட்டியை வைத்துக்கொள்வதைவிட, இன்ஜினோடு பிறந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் 4எல்60இ-யையே எடுப்பது மேல் என்பது என் கட்சி. அதன் முதல் கியர் 3.06, கடைசி கியர் 0.70, நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்று முப்பது சதவீதம் இறங்கும். அதைக் கட்டுப்படுத்துவதும் அதே கணினிதான், பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. ஆறு கியர் மேனுவல் டி-56 வேண்டும் என்றால் முதல் தலைமுறை கமாரோவின் தரைக் குடைவை வெட்டி உயர்த்த வேண்டும். ஸ்பீடோமீட்டர் தனிக் கதை: பழைய முள் ஒரு மைலுக்கு ஆயிரம் சுற்று சுழலும் கேபிளால் ஆடியது, புதிய பெட்டி அனுப்புவது மின் துடிப்பு. இரண்டுக்கும் நடுவே துடிப்பை வாங்கிக் கேபிளைச் சுழற்றும் சிறு மோட்டார் பெட்டி விற்கிறார்கள். 1967-இன் முகத்தை மாற்ற மனமில்லாதவர்கள் அதை வாங்குகிறார்கள்.

இன்ஜினையும் பெட்டியையும் ஜோடியாக எடுப்பது வீட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. இந்தியக் கம்பெனிகளே அப்படித்தான் செய்தன. 1957 முதல் மாரிஸ் வடிவத்திலேயே ஓடிய அம்பாசடருக்கு 1992-இல் ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது, ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கியது. பிரீமியர் 118 என்.இ. ஃபியட் 124-இன் உடல். இன்ஜினும் பெட்டியும் நிசானுடையவை. சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டி இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைத் தலைகீழாகச் செய்தது. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்.டி.1 உடலை எடுத்து, அதில் நாற்பதுகளின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் வழியில் வந்த 1,991 கன செ.மீ. இன்ஜினை வைத்து, 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. போல்ட் எல்லாம் பொருந்தியது. அந்த உடலின் எடைக்கும் தோரணைக்கும் இன்ஜினின் திறன் பொருந்தவில்லை. விலையும் எரிபொருள் செலவும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது.

கமாரோவில் பிரச்சினை எதிர்த் திசையில். புது இன்ஜினின் பலத்தைத் தாங்க வேண்டியவை பழைய பாகங்கள். 1967-இல் 350 இன்ஜினுக்கு 295 குதிரைத் திறன் என்று விளம்பரம் செய்தார்கள். 1998 கமாரோவின் எல்.எஸ்.1-க்கு 305. வித்தியாசம் பத்துதானா என்று ஏமாந்துவிடக் கூடாது. அறுபதுகளின் எண், ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேசையில் வைத்து அளந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறைக்கு அமெரிக்கா மாறியது. உண்மையான இடைவெளி மிகப் பெரியது. 1967 கமாரோவின் பின் அச்சைத் தாங்கியது பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பழைய இன்ஜினிலேயே வேகமாகக் கிளம்பினால் அந்தப் பட்டை முறுக்கிக்கொண்டு பின் சக்கரங்கள் குதிக்கும். எனவே பட்டைக் கட்டு, டிஃபரன்ஷியல், முன் டிஸ்க் பிரேக் மூன்றுக்கும் இன்ஜின் வாங்கும் முன்பே காசு ஒதுக்க வேண்டும். வயரிங்கும் அப்படித்தான்: நாற்பது ஆம்பியர் அளவுக்குத் திட்டமிட்ட மின்சுற்றில் பெட்ரோல் பம்பும் மின் விசிறியும் சேர்ந்தால் பழைய வயர்கள் கருகும்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் புகைச் சோதனை இல்லை. அதற்குப் பிந்தைய காரில் மாற்றும் இன்ஜின் அந்தக் காரின் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும்; அந்த இன்ஜினோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைவிடக் கறாரானது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்த முடியாது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.-வின் முன் அனுமதி வேண்டும். வேறு வகை இன்ஜின் என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

இத்தனையையும் பார்த்த பிறகு, தனித்தனியாக மலிவு விலையில் பாகம் பொறுக்குவதைவிட, மோதி ஒடுங்கிய முழு வண்டி ஒன்றை வாங்கிப் பிரிப்பதே மிச்சம். இன்ஜின், பெட்டி, கணினி, வயரிங் செட், உணரிகள், பெல்ட் கப்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஏற்கனவே பேசிப் பழகியவை. வயரை வெட்டாமல் பிளக்கோடு கழற்ற வேண்டும். திருட்டைத் தடுக்கச் சாவியை விசாரிக்கும் ஏற்பாட்டை, அப்படிப்பட்ட சாவி இல்லாத கமாரோவுக்காகக் கணினியில் அணைத்துவிட வேண்டும். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் உள்ள வண்டியா, மின்சாரத்தில் இயங்குவதா என்றும் பார்க்க வேண்டும். 1998–2002 கமாரோவில் கேபிள், அதே காலத்துக் கார்வெட்டில் மின்சாரம், பிக்-அப்புகளில் ஆண்டைப் பொறுத்து இரண்டும். மின்சாரம் என்றால் மிதிக்கும் பெடலுக்குள்ளேயே உணரிகள் இருக்கின்றன. த்ராட்டிலை இயக்கும் பெட்டி அந்தப் பெடலின் சிக்னலை மட்டுமே நம்பும், வேறு வண்டிப் பெடலை வைத்தால் பாதுகாப்புக்காக இன்ஜினை வெறும் ஐடிலிலேயே நிறுத்திவிடும். பானெட்டுக்கு அடியில் இருப்பதையெல்லாம் கவனமாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் காலடியில் இருக்கும் அந்தப் பெடலைப் பழைய இரும்புக்குப் போகும் உடலோடு விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.